அரை கோல் சலுகை

சீனாவின் மக்காவ் நகரத்துக்கு விடுமுறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, காலைச் சாப்பாட்டை ஓட்டலில் சாப்பிடாதீர்கள் என்பதுதான். தெருமுனைக் கடையில் பன்றிக்கறித் துண்டு வைத்த ரொட்டியும் பால் தேநீரும் சூடாகக் கிடைக்கும். வயிறு நிறைந்தவன் நிதானமாகப் பந்தயம் கட்டுவான். நீங்கள் ஏதாவது சாப்பிட்டீர்களா மேடம்? நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளும்.

விடுமுறைக் கூட்டத்தைச் சூதாட்டக் கூடங்களுக்கு அழைத்துப் போவது என் தொழில். சீட்டு மேசைப் பக்கம் நான் அதிகம் நிற்பதில்லை. அங்கே அறிவுக்கு வேலை கிடையாது. கால்பந்துப் பந்தயக் கூடத்துக்குத்தான் கூட்டிப் போவேன். புதியவர்களுக்கு அங்கே ஒரு பாடம் எடுப்பேன். பலசாலி அணியும் நோஞ்சான் அணியும் மோதினால் நோஞ்சான்மேல் யார் கட்டுவார்கள்? யாரும் மாட்டார்கள். அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே நோஞ்சானுக்கு அரை கோல் இனாமாகக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் சலுகை. ஆட்டம் சமனில் முடிந்தால்கூட, அந்த அரை கோலால் நோஞ்சான்மேல் கட்டியவனுக்கே வெற்றி. எதிரி இன்னும் பலசாலி என்றால் ஒரு கோல், ஒன்றரை கோல். தராசு நேராக நிற்கும்வரை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். உலகத்தில் இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் பாங் என்று ஒருவர், ஷுன்டே என்ற சீன ஊரிலிருந்து வந்தவர். அங்கே வாத்து சுட்டு விற்கும் கடை வைத்திருந்தார். கதவை அடைக்கும் தோள்கள். மனைவி சௌஹா ஒல்லியானவள், யாருக்காவது எதையாவது தின்னக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். இங்கே தைப்பா பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பை அவர்களுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தேன்.

என் பாடத்தைக் கேட்டுவிட்டு பாங் சொன்னார்: "வாத்தியாரே, இதெல்லாம் எனக்கு மண்டையில ஏறாது. நான் சட்டைக் கலரைப் பார்த்துத்தான் கட்டுவேன்."

கட்டினார். ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார். யாருக்குக் காலில் காயம், எந்த மைதானத்தில் மழை என்றெல்லாம் அலசி நான் சொன்ன அணிகள் தோற்றன. என் கூட்டம் மெல்ல அவர் பக்கம் நகர்ந்தது.

"பச்சைச் சட்டைக்காரங்க எப்படிண்ணே?"

"பச்சையா? கீரைக்கட்டு மாதிரி இருக்கானுங்க. அரை மணியில வதங்கிருவானுங்க. செவப்புல போடு."

சிவப்பு ஜெயித்தது.

வெள்ளிக்கிழமை நான் பந்தயம் கட்ட வரிசையில் நின்றபோது, பின்னாலிருந்து என் தோளில் ஓங்கித் தட்டினார். எங்கள் ஊரில் பந்தயம் கட்டப் போகிறவனின் தோளை யாரும் தொடமாட்டார்கள். அவனுடைய அதிர்ஷ்டம் உதிர்ந்துவிடும். ஷுன்டேக்காரருக்கும் அது தெரியும்.

"என்ன வாத்தியாரே முறைக்கிறீங்க? உங்ககிட்ட உதிர்றதுக்கு என்ன இருக்கு?"

கூடமே சிரித்தது. சௌஹா மட்டும் சிரிக்கவில்லை. "மனசுல வச்சுக்காதீங்கண்ணே. இந்த மனுசனுக்கு வாய்தான் பெருசு. நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாங்க, சேர்ந்து உக்காந்து மேட்ச் பாப்போம்" என்றாள்.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்கிறவர்கள் வேறு ஜாதி. நான் யோசித்தேன். ஒரே ஆளிடம் உடல் பலம், அதிர்ஷ்டம், நல்ல மனைவி எல்லாம் இருக்கின்றன. எதிரே நான் முதுகுவலிக்காரன், தனிக்கட்டை. தராசு கோணலாக நிற்கிறது. கோணலைப் பார்த்தபிறகு சும்மா இருக்க எனக்கு வராது.

சனிக்கிழமை ஜப்பான் லீக் ஆட்டம். பாங் ஊதாச் சட்டைமேல் கட்டியிருந்தார். எனக்காகப் பாதாம் பிஸ்கட் வாங்க சௌஹா கிளம்பினாள். அந்தக் கடையில் சனிக்கிழமை வரிசை தெருக்கோடி வரை நிற்கும். அந்தக் கடையின் பெயரைச் சொன்னது நான்தான்.

பாங்கின் சாமந்திப்பூத் தேநீரில் என்னுடைய தூக்க மாத்திரைகளைக் கரைத்தேன். அது எனக்கு நானே எடுத்துக்கொண்ட அரை கோல். தலை தொங்கியதும் துணி காயப்போடும் கயிற்றால் நாற்காலியோடு கட்டினேன். அது இன்னொரு அரை. பிறகு முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினேன். தூங்குகிறவரோடு மோதினால் அது போட்டியே இல்லை.

"வாத்தியாரே, என்னய்யா இது? விளையாட்டா?"

ஆமாம் என்றேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, பையிலிருந்து எடுத்த சுத்தியலால் வலது முழங்காலில் அடித்தேன். வாத்து எலும்பைத் தறிக்கும் சத்தம் அவருக்குத் தினமும் கேட்டுப் பழகியது. தன் காலிலிருந்து அது வந்ததும் ஒரு கணம் புரியாமல் சுற்றிப் பார்த்தார். அதன்பிறகுதான் அலறினார்.

இடது காலை விட்டுவைத்தேன். பழம் நறுக்கும் கத்தியை அவர் வலது கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தேன். ஏறக்குறைய எட்டும் தூரம். விரல்கள் அதை நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்தன. தராசு மறுபடி அவர் பக்கம் சாய்வது போலிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் நசுக்கினேன்.

"என்ன வேணும்னு சொல்லுங்கய்யா. ஜெயிச்சதெல்லாம் எடுத்துக்கங்க" என்று அழுதார். பாடம் அவருக்குக் கடைசிவரை ஏறவில்லை.

அப்போது சௌஹா பிஸ்கட் டப்பாவோடு உள்ளே வந்தாள். டப்பா கீழே விழுந்தது. நான் குறுக்கே போகவில்லை. "நீ சின்ன உருவம்மா. உனக்கு முழுசா ஒரு கோல் தர்றேன். கதவு திறந்துதான் இருக்கு. அடுத்த தடவை பந்து கோட்டுக்கு வெளியே போற வரைக்கும் நான் நகர மாட்டேன். ஓடு" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து நெடுநேரம் வெளியே போகவில்லை. லிஃப்டைப் பிடித்துத் தெருவுக்கே போயிருக்கலாம். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கயிற்றை அறுக்க ஆரம்பித்தாள்.

"போடி, நீ ஓடிப் போடி" என்று பாங் கெஞ்சினார்.

"சும்மா இருங்க. கைய ஆட்டாதீங்க, வெட்டிரும்" என்றாள்.

ஒரு முடிச்சு அறுந்தது. பந்து கோட்டைத் தாண்டியது.

அவளுக்கு ஒரு அடி போதுமாக இருந்தது. அவருக்குப் பல அடிகள் தேவைப்பட்டன. இரண்டாம் பாதி முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஊதாச் சட்டைதான் ஜெயித்தது. செத்தபிறகும் ஒரு மனிதனுக்கு அதிர்ஷ்டம் ஓடுகிறது என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

இப்போது நீங்கள் மருத்துவரின் அறிக்கையை என் முன் தள்ளுகிறீர்கள். போட்டி என்கிறாயே, உன் உடம்பில் ஒரு நகக்கீறல்கூட இல்லையே என்று கேட்கிறீர்கள். உண்மைதான் மேடம். இரண்டு பேருக்கும் அவ்வளவு விட்டுக்கொடுத்தும் நான் ஜெயித்தேன். அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.