ஈரச்சாக்கில் இருந்த கூழைக்கடா

என் பெயர் சத்யபிரியா. தகப்பனார் பெயர் கருத்தையா. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கடம்பூருக்குக் கிழக்கே ஓடைக்கரைப்பட்டியில், கண்மாய்க் கரைக்குக் கீழே உள்ள காவல்காரர் வீட்டில் குடியிருக்கிறோம். கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் விஜயராஜ் அண்ணாச்சியிடம் என் அப்பா காவல் வேலை பார்க்கிறார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். நாளை போலீஸ் வந்து என்னையும் விசாரிக்கும் என்று அப்பா சொன்னார். அப்போது அவர் பக்கத்தில் இருப்பார், என்னால் பேச முடியாது. அதனால் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு போலீஸ் ஐயாவுக்கு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. அதன் பிறகு கூழைக்கடாவும் நாரையும் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் அடைந்தன. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோவில்பட்டியிலிருந்து மாதவன் சாரும் அவர் மனைவி உமாதேவி அக்காவும் காரில் வந்தார்கள். சாருக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. கயாக் என்று அவர்கள் சொல்லும் ரப்பர் படகை டிக்கியிலிருந்து எடுத்து, காலால் மிதிக்கும் பம்பில் காற்றடித்து, இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். முதல் நாளே அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள்.

தண்ணீரில் அவர்கள் பேசுவதே இல்லை. முன்னால் இருக்கும் அக்கா உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் சார் துடுப்பை நிறுத்துவார். படகு அப்படியே மிதக்கும். துணி துவைக்க வரும் ராஜமணி அத்தை, "ஏட்டி, வீட்டுல சண்ட போட்டுட்டு வந்து தண்ணிக்குள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காவ போல" என்று சிரிப்பார். ஒருநாள் அக்கா கரையேறியதும் பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். கூழைக்கடா வாயைத் திறக்க, குஞ்சு கழுத்து வரைக்கும் உள்ளே தலையை விட்டு மீன் எடுத்ததைப் பார்த்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டைக் கரைப் பக்கமே மேய்த்தேன்.

அதன் பிறகு, பறவைகள் மீன்குஞ்சுகளைத் தின்று தீர்ப்பதாகச் சொல்லி, விஜயராஜ் அண்ணாச்சி அப்பாவிடம் தங்கூசி நரம்பு வாங்கிக் கொடுத்தார். மீன்வலை பின்னுகிற மெல்லிய நரம்பு அது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அப்பா லாரி டியூபில் மிதந்து போய், மரத்துக்கு மரம் தண்ணீருக்கு மேலே அதைக் கட்டினார். இறங்கி வருகிற பறவை அதில் மோதும். கட்டிவிட்டு வந்த அன்று அப்பாவின் விரல்கள் அறுபட்டிருந்தன. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூழைக்கடா நரம்பில் சிக்கித் தொங்கியது. சாரும் அக்காவும் படகை அதனடியில் கொண்டு போனார்கள். அக்கா அதைத் தாங்கிப் பிடிக்க, சார் சின்னக் கத்தியால் நரம்பை அறுத்தார். ஒரு சிறகு ஒடிந்திருந்தது. கண்ணை மூடினால் அது அடங்கும் என்பதால், உட்காருவதற்கு விரித்திருந்த சாக்கை நனைத்து அதன் மேல் முழுவதும் சுற்றினார்கள். இதைக் கரையில் ஆட்டோடு நின்ற நான் பார்த்தேன். மடையருகே நின்ற அப்பா பார்க்கவில்லை.

எங்கள் கண்மாயில் மீன் பிடிக்க அனுமதி உள்ளவர்கள் பிடித்த மீனைக் கரையில் கொட்டி, காவல்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அள்ளுவார்கள். ஈரச்சாக்கில் மூடிக் கொண்டுபோனால் அது திருட்டு மீன். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். கோவில்பட்டிக்காரர்களுக்குத் தெரியாது. ஈரச்சாக்கைச் சார் தோளில் போட்டுக் கரையேறியதும் அப்பா விசில் ஊதினார். விஜயராஜ் அண்ணாச்சி பைக்கில் வந்தார். மாதவன் சார் அவரிடம், "சார், ரெக்கை ஒடிஞ்சிருக்கு, கோவில்பட்டி டாக்டர்ட்ட கொண்டு போறோம்" என்றார். அண்ணாச்சி, சாக்கைப் பிரித்துப் பார்க்கும்படி அப்பாவிடம் சொன்னார்.

"ஏலே கருத்தையா, சாக்குல என்னலே இருக்கு?"

"கூழைக்கடா, அண்ணாச்சி."

"மீனுல்லா இருக்கு. நல்லாப் பாரு."

அப்பா மறுபடியும் பார்த்தார். சாக்கை முன்போல மூடினார். அண்ணாச்சி சாக்கைச் சுற்றிக் கட்டி, பைக்கில் வைத்துக்கொண்டு போனார். கட்டும்போது அது ஒரு தடவை அசைந்தது. அதன் பிறகு அதை நான் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் ஸ்டேஷனில் அவர் காட்டிய சாக்கில் கெண்டை மீன் இருந்ததாக அப்பா சொன்னார். சார் கத்தியைக் காட்டி மிரட்டி மீன் திருடியதாகப் புகார் எழுதியிருக்கிறார்கள். சாரை உள்ளே வைத்திருக்கிறார்கள். அவருக்கு ரயில்வே வேலை போய்விடும் என்கிறார்கள். அக்கா ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்ததை நேற்று பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மடியில் பைனாகுலர் இருந்தது.

இன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "போலீஸ் கேட்டா மீனுன்னு சொல்லுட்டி" என்றார். "பறவைல்லாப்பா அது" என்றேன். "பறவைன்னா நரம்ப யாரு கட்டுனான்னு கேப்பாவ. நான்ல்லா கட்டுனேன். என்னைத் தூக்கி உள்ள வச்சா நீயும் ஒங்கம்மையும் எங்கன போயி இருப்பிய?" என்றார்.

நரம்பை எல்லாம் அண்ணாச்சி அறுத்து எரிக்கச் சொன்னார். தெற்கு ஓரத்தில் சாய்ந்து நிற்கும் மரத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது. ஆழம் என்பதால் அப்பா அங்கே போகவில்லை. நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் படகிலேயே போய்ப் பார்க்கலாம். அதில் இறகு ஒட்டியிருக்கும். என் அப்பா சொன்ன வேலையைச் செய்தவர். அதையும் எழுதிக்கொள்ளவும். அவரை விசாரிக்கும்போது விஜயராஜ் அண்ணாச்சி பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கவும். சாக்கில் என்ன இருந்தது என்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை மட்டும் கேட்கவும். முதல் தடவை கேட்டபோது அவர் உண்மையைத்தான் சொன்னார்.

மேலே எழுதியவை நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதுமே. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) க. சத்யபிரியா

பெற்றோர் கையொப்பம்: வாங்கவில்லை.