ஏழாம் வாசலை விற்ற விதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர், எனக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடத் தெரியாது. அதை விற்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். ஒரு நாள்கூட உட்கார்ந்து ஆடியதில்லை. அதற்கு முன்னால் பால்மாவு விற்றேன். தோட்டம் தோட்டமாகப் போய், தாய்ப்பால் நன்றாகவே சுரந்த பெண்களிடம் டின்னைக் கொடுத்துப் பழக்கிவிட்டு வருவேன். பேராக் மாநிலத்தில் என்னைவிட அதிகம் விற்றவர் யாருமில்லை. ஈயச் சுரங்க முதலாளி தௌகே லியோங் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்ததே அதற்காகத்தான்.

ஈயத்தின் விலை விழுந்தபோது தௌகேயின் சுரங்கங்கள் மூடிவிட்டன. கையில் மிஞ்சியதையும் வங்கியில் வாங்கியதையும் சேர்த்து 'ஏழாம் வாசல்' என்ற விளையாட்டில் போட்டார். ஆடுகிறவர் போர்வீரராகவோ வைத்தியராகவோ வணிகராகவோ வேடம் எடுத்துக்கொள்வார். ஆறு வாசல்களைக் கடந்து ஏழாவதைத் தேட வேண்டும். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார். ஓவியர்களும் இசைக்காரர்களும் சிங்கப்பூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர்களும் அங்கேயே கிடந்தார்கள். சினிமா எடுப்பதுபோலச் செலவு. விளையாட்டை வைத்து விற்கும் பெட்டிக்குள் துணியில் அச்சடித்த வரைபடம் வேறு.

வங்கிக்காரர்கள் வந்த அன்று, எத்தனை பெட்டி போகும் என்று கேட்டார்கள். தௌகே என்னைப் பார்த்தார். ஐம்பதாயிரம் என்றேன். எங்கிருந்து அந்த எண் வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் முகம் அதைத்தான் எதிர்பார்த்தது. விற்பனையில் பாதி, எதிரில் இருப்பவர் கேட்க விரும்புவதைச் சொல்வது.

பிறகு ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பிச்சைமுத்துவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"மச்சான், நாடு முழுக்கத் தேடினாலும் அவ்ளோ கம்ப்யூட்டர் இருக்காதுலா. ஆளுக்கு ரெண்டு பெட்டி விக்கப் போறீங்களா?"

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் எண் அதற்குள் காகிதத்தில் ஏறிவிட்டது. தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டோம், பஸ்ஸில் படம் வரைந்தோம். மூன்று மாதம் கழித்தும் கிடங்கில் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. தௌகே சத்தம் போடுகிறவர் அல்ல. என் மேசைப் பக்கம் வந்து, "போலே கா, மாலை?" என்று மட்டும் கேட்பார். மாலை நான்தான்; முடியுமா என்று மலாயில் கேட்பது அது. முடியும் என்பேன்.

அப்போதுதான் தங்க மயில் யோசனை வந்தது. கையளவு மயில், அசல் தங்கம். பேராக்கில் ஓர் இடத்தில் ஒளித்து வைப்பது. ஏழாம் வாசலைத் திறந்தவர் எங்களுக்கு எழுதினால் அந்த இடத்தின் குறிப்பு கிடைக்கும், எடுத்தவருக்கே சொந்தம். நான் பிறந்த தோட்டத்திலேயே வைத்தேன், சுங்காய்ப் பக்கம். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்துவிட்டார்கள். ரப்பர்த் தகடு உலர்த்திய பழைய புகைக்கூடம் மட்டும் இடிந்து நிற்கிறது. அதன் படிக்குக் கீழே வைத்தேன். ஆபத்தில்லாத இடம். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பெட்டிகள் நகர்ந்தன, மெதுவாக. பிறகு மயிலைத் தேடிச் சுண்ணாம்பு மலையில் ஏறிய ஒருவர் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். பத்திரிகையில் வந்தது. அந்த வாரம் கடைக்காரர்கள் அவர்களாகவே போன் செய்து பெட்டி கேட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள்கூட வரைபடத்துக்காக வாங்கினார்கள். நான் அதைக் கவனித்தேன். கவனிப்பதுதானே என் வேலை.

கார்த்திகேசு ஐயா நவம்பர் தொடக்கத்தில் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் வைத்தியர் வேடம் எடுத்து ஆடினாராம். சண்டை போடப் பிடிக்கவில்லை, அதனால் வைத்தியர் என்றார்.

"தம்பி, கண்டுபிடிச்சிட்டன் எண்டு நினைக்கிறன். சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய தோட்டம். புகைக்கூடம் ஒண்டு இடிஞ்சு கிடக்காம். அதின்ர படிக்குக் கீழ. சரிதானே?"

சரிதான். பள்ளி விடுமுறைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பெட்டி விற்கும் காலமே அதுதான். அவர் மயிலை எடுத்துவிட்டால் தேடல் அன்றோடு முடிந்துவிடும். கிடங்கில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"ரொம்ப கிட்ட வந்துட்டீங்க ஐயா," என்றேன். "ஆனா தோட்டத்துல இல்ல. பத்து காஜா ரோட்டுல எங்க தௌகேயோட பழைய சுரங்கம் இருக்கு. ஈயக்குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு பம்ப் கொட்டகை. அங்க போய்ப் பாருங்க."

"குட்டையைச் சுத்திப் போக வேணுமோ?"

"தண்ணி இல்லலா ஐயா. தரை காஞ்சு கெடக்கு. நேரா நடந்து போலாம்."

சனிக்கிழமை போவதாகச் சொன்னார். மனைவியிடம் சொல்லாமல் போய் எடுத்துவந்து காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஜெயித்தால் பத்திரிகைக்கு வேண்டும் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். நன்றாகச் சிரித்தார். நல்ல படம்.

தரை காய்ந்து கிடக்கிறது என்று நான் சொன்னது பொய்யில்லை. மேலே காய்ந்து வெடித்துத்தான் இருந்தது. முந்தின வருஷம் தௌகேயோடு நான் அங்கே போனபோது, காவல்காரர் சன்னாசி ஒரு கல்லைத் தூக்கி அதன்மேல் போட்டார். சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அடியில் முழுக்க ஈயம் கழுவிய சேறு.

"மாடு ஒன்னு எறங்குச்சுண்ணே," என்றார். "கொம்புகூடத் தெரியல."

எச்சரிக்கைப் பலகை அப்போதே விழுந்து கிடந்தது. அதை யாரும் நிமிர்த்தவில்லை. நானும்தான்.

சன்னாசி உங்களிடம் சொன்னது உண்மை. அந்தச் சனிக்கிழமை பெட்டி ஏற்ற வேண்டும் என்று அவரை ஜெலாப்பாங் கிடங்குக்கு வரச் சொன்னது நான்தான். அன்றைக்கு ஏற்றுவதற்கு ஒரு பெட்டியும் இல்லை. திங்கட்கிழமை இருந்தது.

ஆனால் கார்த்திகேசு ஐயாவை ஏமாற்றினேன் என்று நீங்கள் எழுதினால் அது நியாயமில்லை. வெள்ளிக்கிழமையே சுங்காய்க்குப் போய் மயிலை எடுத்தேன். அங்கிருந்து நேரே சுரங்கத்துக்குப் போய், பம்ப் கொட்டகையில் வைத்தேன். ஆகவே நான் காட்டிய இடத்தில் பரிசு இருந்தது. அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தால் அது அவருடையது, நானே கைகுலுக்கியிருப்பேன். கொட்டகைக்குச் சுற்றிப் போகும் பாதை ஒன்று உண்டு. நான் அதில்தான் போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் குவே தியாவ் நூடுல்ஸ் சாப்பிட்டேன். மழை பிடித்தது. ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போடுவார்களே, அப்புறம் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோபோல இருக்கும். அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

உங்கள் ஆட்கள் புதன்கிழமை குட்டையின் நடுவில் அவருடைய குடையைக் கண்டார்கள். வியாழக்கிழமை செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை அவர் படத்தைப் போட்டு அரைப் பக்க விளம்பரம் கொடுத்தேன்: 'இவர் தேடிப் போனார். ஏழாம் வாசல் இன்னும் திறந்திருக்கிறது.' விடுமுறை முடிவதற்குள் கிடங்கில் தரை தெரிந்தது. ஆனாலும் ஐம்பதாயிரம் எட்டவில்லை. அது என் கணிப்பில் நேர்ந்த பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மற்றதையும் ஒப்புக்கொள்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். அங்கே நடந்தால் ஆள் திரும்பமாட்டார் என்று தெரிந்தே அனுப்பினேன். தடுக்க ஆள் இருக்கக் கூடாது என்று காவல்காரரை அப்புறப்படுத்தினேன். செத்தபின் தேவைப்படும் என்றுதான் அவரைப் படம் எடுத்தேன்.

அவருடைய மனைவி செல்லாச்சியம்மா விளம்பரம் வந்த பிறகு ஆபீஸுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் விளம்பரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, அவர் மூண்டு மாசம் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே இருந்தவர். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார். உங்களிட்ட வந்து ஒரு விடை சொன்னவராமே. அது சரியோ, பிழையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

தேடல் இன்னும் நடந்துகொண்டிருந்தது. சரியான விடையை ஒருவர் சொல்லிவிட்டார் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் யார் வாங்குவார்கள்?

"பிழைம்மா," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போனார்.

அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த அம்மாவுக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் விற்பனைக்காரன்தான், இன்ஸ்பெக்டர், ஆனால் பொய்யன் இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.