பிரார்த்தனைக்கு வராத மாமியார்

மேடையை நிறைத்து வீற்றிருக்கும் மாண்புமிகு தலைவி அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைக் கொண்டுபோய்விட்ட அன்புச் சகோதரிகளே, பிள்ளைகளை மடியில் அமுக்கிப் பிடித்திருக்கும் தாய்மார்களே, காற்றுக்காகக் கதவோரம் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

நம் பிரார்த்தனைச் சங்கத்தின் ஆண்டு விழாவில், மூன்று மாதம் சங்கத்துப் பக்கமே தலைகாட்டாத என்னைப் பேச அழைத்தீர்களே, உங்கள் மனசே மனசு! (யார் அங்கே சிரிப்பது? என் ஓரகத்திதானே? சிரியுங்கள் அக்கா, உங்களிடம்தான் வருகிறேன்.)

தாய்மார்களே! நேரம் என்ன, குழாயைத் திறந்தால் கொட்டுகிற தண்ணீரா? நானும் அப்படித்தான் இறைத்தேன்: யாரோ புதுவீடு கட்டினார்கள், போனேன். புதுக்கட்டில் வாங்கினார்கள், அதையும் போய்ப் பார்த்தேன்! போன் அடித்தால் பேசினேன்; அடிக்காவிட்டால் நானே அடித்துப் பேசினேன்!

அப்போதுதான் என் மருமகள் பஸ் டிரைவர் தேர்வில் தோற்று வந்தாள். ரிவர்ஸ் எடுக்கையில் கம்பத்தில் இடித்துவிட்டாள். பழகுவதற்கு மைதானம் காலையில்தான் காலி. மகனுக்கோ மில்லில் காலை ஷிப்ட். கைக்குழந்தையை எங்கே விடுவாள்?

"இன்னும் ஒரு தடவைதான் அத்தை விடுவாங்க. அதுலயும் இடிச்சா வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"பிள்ளையை நான் பாத்துக்கறேன், நீ போ."

"அப்போ உங்க பிரார்த்தனை?"

ஆமாம், அதுவும் அதே நேரம்தான்! என் ஓரகத்தி தெருவிலேயே நிறுத்திக் கேட்டார்: "ஏண்டி, அவ ஸ்டியரிங்கைப் பிடிக்கிறா, நீ பால் பாட்டிலைப் பிடிக்கிறியா? சாமிக்கு என்ன பதில் சொல்லுவே?"

"அக்கா, சாமிக்குக் காத்திருக்கத் தெரியும். டெஸ்ட் எடுக்கிற ஆபீசருக்குத் தெரியாது!"

(கைதட்டலுக்கு நன்றி. அக்காவும் தட்டுகிறார், பாருங்கள்!)

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முணுமுணுத்த இரண்டு வரிப் பிரார்த்தனை இருக்கிறதே, அதைப்போல உருகி நான் எந்நாளும் வேண்டிக்கொண்டதில்லை.

தேர்வு நாள் வந்தது. பஸ் பின்னால் நகர்ந்தது. வேலியோரம் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "ஸ்டியரிங்கை ஒடி! ஒடி! அந்தப் பக்கம்! இல்லம்மா, இந்தப் பக்கம்!" எனக்கே தொண்டை வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவள் யாரைப் பார்த்தாள்? கண்ணாடியைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். வந்தது வண்டி! வளைந்தது வண்டி! கம்பத்தைத் தொடாமல் கச்சிதமாய் நின்றது வண்டி!

என் அருமைச் சகோதரிகளே! கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடுவதா வாழ்க்கை? கத்துகிறவர்களுக்கெல்லாம் காது கொடுப்பதா வாழ்க்கை? நம் ஒரு மணி நேரம் எவருக்கு ஒரு வாழ்வாகுமோ, அவருக்கல்லவா அதை அள்ளிக் கொடுக்க வேண்டும்!

இன்று நம்மை இந்த மண்டபத்துக்கு அழைத்து வந்த பஸ்ஸை ஓட்டியவள் யார்? என் மருமகள்! அதோ, வாசலில் சீருடையோடு நிற்கிறாள். என்னம்மா, கையைக் கையைக் காட்டுகிறாய்?

"அத்தை, வண்டி எடுக்கணும்! முடிங்க!"

கேட்டீர்களா? பேச்சை முடிக்கச் சொல்லித் தலைவி சீட்டு மேல் சீட்டாக அனுப்பியும் நிறுத்தாதவள், இதோ நிறுத்திவிட்டேன். டிரைவர் அழைக்கிறார்! எழுந்திருங்கள், ஏறுங்கள், முன் சீட்டு மட்டும் எனக்கு! இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்!