அஞ்சலையின் கையில் இருந்த மூச்சு

"கடல் வருது! ஓடுங்க! மாடிக்கு ஓடுங்க!"

வாசலில் ஒருவர் கத்துகிறார். பிறகு எல்லோரும் கத்துகிறார்கள். ஸ்ட்ரெச்சர் சுவரில் மோதும் சத்தம். கண்ணாடி உடையும் சத்தம். படிக்கட்டில் செருப்புகள். நான் ஓடவில்லை. ஓட முடியாது. என் இடது கை ஒரு மனிதரின் தாடையைத் தூக்கி, முகமூடியை அவர் மூக்கோடும் வாயோடும் அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கை ரப்பர் பையை அமுக்குகிறது. அமுக்கினால் அவர் மார்பு எழுகிறது. விட்டால் தாழ்கிறது. நான் போனால் எழாது.

2004, டிசம்பர் 26. ஞாயிறு. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அவசரப் பிரிவில் அன்று நான் பணி மருத்துவர். படிப்பு முடித்த சில மாதங்களில் சேர்ந்த வேலை.

காலையில் கடல் ஊர்களுக்குள் புகுந்திருந்தது. நகரத்துக்குள் வரவில்லை. பிரெஞ்சுக்காரன் கரையோரம் போட்ட கல் அரண் தடுத்துவிட்டது. வடக்கே பிள்ளைச்சாவடியில் கல் இல்லை. வேனிலும் மீன் ஏற்றும் மினி லாரியிலும் ஆட்கள் வந்தார்கள். பலர் வரும்போதே இறந்திருந்தார்கள். அவர்களை வராந்தாவில் வரிசையாகக் கிடத்தினோம். மூச்சோடு வந்தவர்களை உள்ளே எடுத்தோம்.

அப்படி வந்தவர்தான் நான் பை அமுக்கிக்கொண்டிருந்த ஏழுமலை. மீன்பிடிப்பவர். வயது முப்பத்தாறு. உதடு நீலம். வாய் நிறையக் கறுப்புச் சேறு. நாடி இருந்தது. மூச்சு இல்லை என்றே சொல்லலாம். மனைவி அஞ்சலை அவர் காலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். இடுப்பு வரை சேறு. அழவில்லை.

அந்தக் கூச்சல் எழுந்தபோது பிரிவில் தங்கியவர்கள்: நான், சிஸ்டர் மர்கரித், அஞ்சலை, ஓட முடியாத நோயாளிகள். மற்றவர்கள் எல்லோரும் மாடியில். முதலில் ஏறியவர் உறைவிட மருத்துவ அதிகாரியான ஆர்.எம்.ஓ. மருத்துவமனையின் நிர்வாகமெல்லாம் அவர் கையில்.

கடல் வரவில்லை. வதந்தி.

அந்த நேரத்தில்தான் ஏழுமலையின் மூச்சுக்குழலுக்குள் குழாய் போட்டேன். முகமூடி போதவில்லை. காற்றில் பாதி வயிற்றுக்குள் போனது. வயிறு உப்பி, தின்றது மேலே வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மர்கரித் உறிஞ்சு குழாயை வாய்க்குள் விட்டார். சேறு. மணல். இன்னும் மணல். நான் தலைமாட்டில் நின்றேன். விளக்கு பொருத்திய வளைந்த தகட்டை நாக்குக்கு மேல் செலுத்தித் தூக்கினேன். ஒன்றும் தெரியவில்லை. வெளியே எடுத்தேன். மறுபடி முகமூடி. மறுபடி பை. இரண்டாம் முறை குரல்நாண்கள் தெரிந்தன. வெளிறிய இரண்டு கோடுகள். நடுவில் கறுப்பு. குழாயை அந்தக் கறுப்புக்குள் விட்டேன்.

சரிபார்த்தேன். இடது மார்பில் காற்றுச் சத்தம். வலது மார்பில் சத்தம். வயிற்றின் மேல் சத்தம் இல்லை. குழாய் சரியான இடத்தில் இருக்கிறது. நாடா வைத்துக் கட்டினேன். பையைக் குழாயோடு பொருத்தினேன். சற்று நேரத்தில் உதடு நிறம் மாறியது. அஞ்சலை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஏழுமலையின் வலது கை விரல்கள் மடங்கின.

ஏழுமலை பிழைக்கக்கூடியவர். இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

ஆர்.எம்.ஓ. கீழே வந்தார்.

"வாங்க சார். மாடில காத்து நல்லா வந்துச்சா?" என்றார் மர்கரித்.

நான் மூலையைக் காட்டினேன். அங்கே ஒரு வென்டிலேட்டர் நிற்கிறது. புதிது. தானாகக் காற்றை உள்ளே தள்ளும் இயந்திரம். மேலே பாலிதீன் உறை. உறையின் மேல் சிவப்பு ரிப்பன். அதன் குழாய்கள் ஆர்.எம்.ஓ. அறையில் பீரோவுக்குள் இருக்கின்றன.

"பீரோவத் தொறங்க சார். இவருக்கு மாட்டணும்."

"அது இன்னும் திறப்பு விழா ஆகல டாக்டர். பொங்கலுக்குச் சேர்மன் கையால திறக்கறதா இருக்கு. போட்டோகிராபர்கூட சொல்லியாச்சு."

"உயிர் போயிடும் சார்."

"போகலையே? அமுக்கறீங்க, நல்லாத்தானே இருக்கறான். சேர்மனுக்கு போன் போட்டேன், லைன் கெடைக்கல. அவரக் கேக்காம நான் கை வைக்க முடியாது."

அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது. பேசும்போது அதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அதை இன்றும் அருவருப்போடு நினைக்கிறேன்.

அடுத்த லாரி வந்தது. எனக்கு வேறு நோயாளிகள். இப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் ஊர்ப்பக்க மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் உண்டு. பையை உறவினர் கையில் கொடுத்துவிடுவோம். மகன் அமுக்குவான். மைத்துனர் அமுக்குவார். அலுத்தால் ஆள் மாறும். இரவும் பகலும் அமுக்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இதை ஏற்பாடு என்று சொல்வோம். சொல்லிச் சொல்லி எங்களுக்கு வெட்கமே இல்லாமல் போய்விட்டது.

அஞ்சலைக்குக் கற்றுக் கொடுத்தேன். அமுக்கு. விடு. மார்பு இறங்கட்டும். பிறகு அமுக்கு. அவசரப்படக் கூடாது. குழாயை இழுக்கக் கூடாது. நிறுத்தக் கூடாது.

"நிறுத்துனா?"

"மூச்சு நின்னுடும்."

"அப்ப நிறுத்த மாட்டேன். மீன் கூடை தூக்கன கையிதான் டாக்டரம்மா, வுட்ராது." மூலையைப் பார்த்தார். "அது என்னாம்மா, கல்யாணப் பொண்ணாட்டம் முக்காடு போட்டு வச்சிருக்கீங்க? யாரு வந்து தாலி கட்டணும்?"

மர்கரித் சிரித்தார். அன்று அந்தப் பிரிவில் கேட்ட ஒரே சிரிப்பு.

மதியம் முழுவதும் அஞ்சலை அமுக்கினார். மாற்ற ஆள் இல்லை. அவர் தம்பி வராந்தாவில் கிடந்தான், துணி மூடி. அது அவருக்குத் தெரியும். ஏழுமலையின் கண் இருமுறை திறந்ததை நானே பார்த்தேன். ஒளி காட்டினேன். கண்பாவை சுருங்கியது. அஞ்சலை அவர் காதருகே ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். "எந்திரி. ஊட்ட காணோம், படக காணோம், நீயுமா? எந்திரிய்யா."

மாலை. ஃபினாயில் வாசனை. தரையைத் துடைக்கிறார்கள். வெள்ளை விரிப்புகள் வருகின்றன. வராந்தாவில் கிடந்தவர்களைப் பின்பக்கம் நகர்த்துகிறார்கள். மருத்துவமனையின் சேர்மன் பார்வையிட வருகிறாராம். நான் அடுத்த அறையில். ஒரு சிறுமியின் தொண்டையிலிருந்து மணலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மர்கரித் அவள் தலையைப் பிடித்திருக்கிறார்.

"நோயாளியோட வந்தவங்க எல்லாம் வெளிய! நோயாளிய தவுர யாரும் உள்ள இருக்கக் கூடாது! வெளிய, வெளிய!"

காவலாளியின் குரல். பின்னால் ஆர்.எம்.ஓ.வின் குரல். "சீக்கிரம். கார் வந்துடுச்சு."

பிறகு அஞ்சலையின் குரல்.

"வுடுடா! நான் அமுக்கணும்! அவரு மூச்சு என் கையில இருக்குடா! டாக்டரம்மா! டாக்டரம்மா!"

சிறுமியை மர்கரித்திடம் விட்டு ஓடினேன். வராந்தாவில் கூட்டம். உள்ளே வரப் பார்ப்பவர்களும் வெளியே தள்ளப்படுபவர்களும் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கதவின் குறுக்கே காவலாளிகள். என்னையும் தள்ளினார்கள். மருத்துவர் என்று கத்தினேன். கேட்கவில்லை. குனிந்து, ஒருவர் கைக்கு அடியில் நுழைந்துதான் உள்ளே போனேன்.

கட்டில் ஒழுங்காக இருந்தது. புது விரிப்பு. ஏழுமலையின் கைகளை இருபுறமும் நேராக வைத்திருந்தார்கள். பையைக் குழாயிலிருந்து கழற்றி, பக்கத்து ட்ரேயில் துணி போட்டு மூடியிருந்தார்கள். வாயிலிருந்து குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மார்பு எழவில்லை. உதடு நீலம்.

பையை மாட்டினேன். அமுக்கினேன். நாடி இல்லை. மார்பை அழுத்தினேன். மருந்து போட்டேன். மறுபடி அழுத்தினேன். ஆர்.எம்.ஓ. என்னைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் சேர்மன் கேட்பது காதில் விழுந்தது. "எல்லாரயும் நல்லாப் பாத்துக்கறீங்களா?" "பாத்துக்கறோம் சார்." கேமராவின் கிளிக். இன்னொரு கிளிக்.

நாடி திரும்பவில்லை. திரையை நான் திறந்தேன். சேர்மனிடம் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். இயந்திரம். சாவி. பை. காவலாளி. குரலை உயர்த்தவில்லை. சேர்மன் ஆர்.எம்.ஓ.வைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்துக் கைகூப்பினார். போய்விட்டார்.

இறப்புக் காரணம் கடலில் மூழ்கியது என்று எழுதச் சொன்னார்கள். எழுத மறுத்தேன். வேறொருவர் எழுதினார். அந்த வாரமே வேலையை விட்டேன்.

அன்று சேர்மன் போன பிறகுதான் அஞ்சலையை உள்ளே விட்டார்கள். தலைமாட்டில் போய் நின்றார். அஞ்சலையின் விரல்கள் மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

கணக்கு இது.

அஞ்சலை இழந்தவை: வீடு. படகு. தம்பி. கணவர்.

அன்று எங்கள் பிரிவுக்கு மூச்சோடு வந்தவர்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் வீடு திரும்பினார்கள். அந்தச் சிறுமி அவர்களில் ஒருத்தி. மூன்று பேர் நுரையீரலில் சேறு தங்கி இறந்தார்கள். அந்த மூன்று பேரைக் கடலின் கணக்கில் எழுதலாம்.

ஒன்பதாவது ஏழுமலை. பிள்ளைச்சாவடி. வயது முப்பத்தாறு. கடலில் சாகவில்லை.