விலகும்போது ஒலிக்கும் மணி

அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவரும், நான் நேரம் தாண்டினால் ஒலிபெருக்கியை அணைத்துவிடக் கூடியவருமான என் அண்ணியார் அவர்களே! என்ன தொழில் என்று புரியாமலே எங்களை ஆசீர்வதித்த பெரியோர்களே! பிள்ளைகள் வரும்வரை சோற்றை மூடிவைத்துக் காத்திருந்த தாய்மார்களே! சந்தா கட்டி எங்களை வாழவைக்கும் சலவைக்கடைச் சான்றோர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சந்தா மென்பொருள் நிறுவனத்தை வளர்த்ததில் என்ன கற்றாய் என்று பேசச் சொன்னார்கள். நினைத்தாலே எனக்கு எங்கள் முதல் அலுவலகமான அந்த ரொட்டிக்கடை மாடிதான் மணக்கிறது! நாங்கள் நான்கு பேர், நாற்காலி மூன்று. கடைசியாக வருபவருக்கு ஜன்னல் விளிம்பு. குச்சியால் தட்டினால்தான் சுழலும் விசிறி. இந்தக் குளிர்ந்த மண்டபத்தில் நின்றுகொண்டு அந்தப் புழுக்கத்துக்கு ஏங்குகிறேன், நம்புவீர்களா?

எந்தச் சட்டை யாருடையது, என்றைக்குத் தர வேண்டும் என்று சலவைக்கடைக்குச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஒலிக்கும்படி, பழைய சைக்கிள் மணியைக் கணினியோடு கம்பி போட்டு இணைத்திருந்தார் என் அண்ணன். மணி அடித்தால் மகிழ்ச்சி! அடிக்காத நாளில் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டோம்.

மணி அடிப்பது போதவில்லை என்று, ‘புதிதாகச் சேருங்கள்’ என்ற பொத்தானைத் திரை முழுக்கப் பெரிதாக்கினோம். ஏற்கெனவே சேர்ந்தவர் நுழையும் வழி? மூலையில், எறும்பு அளவுக்கு! மறுநாள் காலை மணி அடித்தது. மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது! அண்ணன் மேஜைமேல் ஏறி ஆடினார். முறைக்காதீர்கள் அண்ணா, சொல்லியாகிவிட்டது!

அப்போது தொலைபேசியை எடுத்த அண்ணி கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் சும்மா இருங்க! அத்தனையும் ஒரே ஆளு. நம்ம சலவைக்கடை அக்கா!”

எங்கள் முதல் சந்தாதாரர் அவர். பெரிய பொத்தானை அழுத்தும்போதெல்லாம் புதுக் கணக்கு திறந்திருக்கிறது, உள்ளே ஒரு துணியும் இல்லை. தொலைபேசியில் பதறினார்.

“என் கடையே காணோம்மா! மாப்பிள்ளை கோட்டு கேட்டு நிக்கிறாரு, சாயந்திரம் கல்யாணம். நான் எதைன்னு எடுத்துக் குடுப்பேன்?”

“ஆடினது போதும், செருப்பைப் போடுங்க” என்றார் அண்ணி. ஓடினோம். மூலையில் இருந்த எறும்பை அண்ணி தொட்டதும் அக்காவின் கணக்கு திரும்பி வந்தது. கோட்டு மாப்பிள்ளையின் கைக்குப் போனது. கடையில் கூட்டம் கலையும்வரை நாங்களும் துணி எடுத்துக் கொடுத்தோம். ஆனால் அக்காவின் மனம் விட்டுப்போயிருந்தது.

“எனக்கு இது வேணாம் தம்பி. பழைய துண்டுச் சீட்டே போதும்.”

முதல் ஆளே போனால் அப்புறம் யார் நிற்பார்? அண்ணிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரே ஒரு வாரம் குடுங்கக்கா. அப்பவும் பிடிக்கலேன்னா நானே வந்து நிறுத்தித் தர்றேன்.”

அன்றே அண்ணன் மணியின் கம்பியை மாற்றினார். அதன்பின் அது யாராவது விலகும்போது மட்டுமே ஒலித்தது. ஒலித்தால் வேலை நிற்கும். ஏன் போனார்? எங்கே நொந்தார்? எதில் தவறினோம்? கேட்டுத் தெரிந்தபிறகே அடுத்த வேலை. பின்வரிசையில் ஒருவர் “வளர்ச்சி எப்போ?” என்கிறார். ஐயா, நாங்கள் வளர்ந்ததே அந்த மணியின் வசவைக் கேட்டுத்தான்!

இத்தனை ஆண்டுகள் கழித்து, நேற்றும் மணி ஒலித்தது. திரையில் அக்காவின் கடை! அண்ணி உடனே அவரை அழைத்தார்.

“பதறாதம்மா. முட்டி ஒத்துழைக்கல. கடையை மூடிட்டு மக வீட்டுக்குப் போறேன். அன்னிக்கு நீ கேட்டியே ஒரு வாரம், அது இன்னிக்குத்தான் முடிஞ்சுது.”

இதோ, அந்த அக்கா முதல் வரிசையில் இருக்கிறார். வேண்டாம் அக்கா, எழாதீர்கள், முட்டி வலிக்கும். நீங்கள் உட்காருங்கள். நாங்கள் எழுந்து நிற்கிறோம்!

எழுந்த அனைவருக்கும் நன்றி. அக்கா, உங்களுக்கு வணக்கம்.