சைலண்ட்டில் இருந்தாலும் அடிக்கும்

இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு போனுக்குக்கூட நான் டெம்பர் கிளாஸைக் கோணலாக ஒட்டியதில்லை, மேடம். உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு மேல் விளிம்பிலிருந்து மெதுவாக விட வேண்டும். நடுவில் ஒரு விரலை வைத்தால் போதும், பசை தானே பரவும். ஒரு குமிழி நின்றாலும் உரித்துப் போட்டுவிட்டு வேறொன்று ஒட்டிக் கொடுப்பேன்.

என் பெயர் ராயப்பராஜ். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழக்கடைகளை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கிறேன். போன், சார்ஜர், பவர் பேங்க், ஹெட்செட், வண்டியில் போன் மாட்டுகிற ஸ்டாண்டு, எல்லாம் உண்டு. கடைக்கு வெளியே ஒரு பலகையில் எட்டு பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் அங்கே நின்று சும்மாவே சார்ஜ் போட்டுக்கொள்வார்கள். நான் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவன். கால் வலி எல்லாச் சாமிக்கும் ஒன்றுதான். பெரிய தருமம் செய்ய எனக்கு வசதி இல்லை. ஆனால் சின்ன உதவி கேட்டு வந்த யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போவதற்கு இது தேவைப்படும்.

என் நோட்டுகளை நீங்கள் எடுத்துவந்து ஸ்டேஷன் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். நான்கு நோட்டு. அவற்றில் தவறாக எதுவும் இல்லை. எங்கள் பக்கம் புதுப் போன் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மின்னஞ்சல் கணக்கு என்றால் என்னவென்று தெரியாது. அது இல்லாமல் போன் வேலை செய்யாது. நான்தான் கணக்கு ஆரம்பித்துக் கொடுப்பேன். பாஸ்வேர்டையும் நானே வைப்பேன். சந்தேகம் வந்தால் கேட்கிற எண்ணாக என் எண்ணையே கொடுப்பேன். எல்லாவற்றையும் நோட்டில் பெயர் போட்டு எழுதிக்கொள்வேன். ஏனென்றால் அவர்கள் மறந்துவிட்டு என்னிடம்தான் வருவார்கள். “அப்பு, எம் போனுக்கு என்னமோ ஒரு பேரு வச்சியே, அது என்னது?” என்று செம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்ட பெரியவர் உண்டு. வீட்டுச் சாவியை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று அவர்களில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. யாருடைய படத்தையும் நான் பார்த்ததில்லை, யாருடைய பேச்சையும் படித்ததில்லை.

சத்யபிரியாவின் பெயர் இரண்டாவது நோட்டில் இருக்கும். செம்பட்டிக்குப் பக்கத்தில் கனகாம்பரமும் மல்லியும் போடுகிற சுருளிவேலின் மகள். பன்னிரண்டாவது முடித்தபோது அப்பாவோடு வந்து முதல் போன் வாங்கினாள். அன்றைக்கு சுருளிவேல் பூ மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் மல்லி வாசனை. “இவ கேக்குற கலரைக் குடு அப்பு” என்றார். பிறகு அவள் படித்து, இங்கேயே ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். போனை இரண்டு முறை மாற்றினாள். கணக்கை மாற்றவில்லை. படித்த பிள்ளை, பாஸ்வேர்டையாவது மாற்றியிருக்கலாம். “அது அண்ணன் நோட்டுல பத்திரமா இருக்கு, எனக்கெதுக்கு மண்டையில?” என்று சிரிப்பாள்.

என் மனைவிக்குச் சர்க்கரை ஏறி, எட்டு நாள் தினமும் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த எட்டு நாளும் வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் சத்யபிரியாவே ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அதை நான் மறக்கவில்லை, மேடம்.

அவள் கடைசியாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பவர் பேங்க் வாங்கினாள். எதிரே பழச்சாறு கடையில் ஒரு பையன் நின்றுகொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் முகேஷ்குமார் என்று பின்னால் தெரிந்தது. இளநீர் லோடு ஓட்டுகிறவன், அவர்கள் சாதி இல்லை. பவர் பேங்கைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, சிம்மைக் கழட்டிட்டு வேற சிம் போட்டுட்டா, நாம எங்க இருக்கோம்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?”

“ஏந்த்தா?”

“சும்மாதாண்ணே. ஒரு ஃபிரெண்டு கேட்டா.”

“முடியாதும்மா” என்றேன்.

இதைப் பொய் என்று நீங்கள் எழுதக் கூடாது. அவள் சிம்மைப் பற்றிக் கேட்டாள், நான் சிம்மைப் பற்றிப் பதில் சொன்னேன். கணக்கைப் பற்றி அவள் கேட்கவில்லை. சிம் மாறினாலும் கணக்கு போனுக்குள்ளேயே இருக்கும், அந்தக் கணக்கை வேறு எங்கிருந்து திறந்தாலும் போன் இருக்கிற இடம் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும் என்பது தொழில் செய்கிற எங்களுக்குத் தெரிந்தது. படி இறங்கும்போது திரும்பி, “அண்ணிக்கு அடுத்த மாசம் டெஸ்ட் இருக்கு, மறந்துறாதீங்க” என்றாள். நானும் தலையாட்டினேன். ஆனால் மனத்துக்குள் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்த பிள்ளை, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஃபிரெண்டு என்று சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் சுருளிவேல் வந்தார். கூடவே அழகர். அழகர் அவருடைய மச்சினன், சத்யபிரியாவுக்குத் தாய்மாமன். சுருளிவேல் ஸ்டூலில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க ஒரு மனிதர் அழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

“எம்மக எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு அப்பு. கண்ணால பாத்துட்டு வந்துர்றேன். அவ ஆத்தா சண்முகவள்ளி ஒம்போது நாளா ஒரு வாய்ச் சோறு திங்கல.”

அழகர் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்து நின்றார். “பொம்பளப் பிள்ளைக்குப் போன் வேணும் போன் வேணும்னு ஆடுனீங்கல்ல மச்சான்? இப்ப அந்தப் போன்கிட்டயே கேளுங்க, மருமகனுக்கு என்ன வெஞ்சனம் வச்சு ஊட்டுறான்னு.”

“சும்மாயிருய்யா” என்றார் சுருளிவேல் அழுதுகொண்டே.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தமிழ்மதி. மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய கணக்கும் நான் ஆரம்பித்துக் கொடுத்ததுதான். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை அவள் புள்ளியைப் பார்த்துக்கொள்வேன். புள்ளி விடுதியில் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்தப் புள்ளி இல்லாத ஒரு தகப்பன் என் முன்னால் உட்கார்ந்து அழுகிறார். நான் இரண்டாவது நோட்டை எடுத்தேன். கேட்ட சின்ன உதவிதான்.

தொப்பம்பட்டி தாண்டி ஒரு தென்னந்தோப்பு. அங்கே புள்ளி பச்சையாக இருந்தது. பாட்டரி அறுபத்திரண்டு சதவீதம் என்று காட்டியது. நான் விற்ற பவர் பேங்க் நல்லபடியாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வழி தெரியாமல் தடுமாறக் கூடாதே என்று அவர்கள் காரில் நானே ஒரு ஸ்டாண்டைப் பொருத்தி, அழகரின் போனில் வரைபடத்தைப் போட்டு, தொடங்கு என்பதையும் நானே அழுத்திக் கொடுத்தேன். பின் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். நான் குனிந்து வேலை செய்தபோது இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டு வர நான்கு பேர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. காரின் நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்தது. வேறு எங்கும் சேறு இல்லை. திண்டுக்கல்லில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“சண்டை கிண்டை வேணாம்ணே” என்றேன்.

“சொந்தப் பிள்ளைகிட்ட எவன்டா சண்டை போடுவான்?” என்றார் அழகர்.

கார் போனதும் கடையில் இருக்கிற மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றினேன். அந்தப் பிள்ளை நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று ஜெபித்தேன். மனதார ஜெபித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வாக்குமூலம் முழுமையாகாது. போனைத் தேடுகிற அந்தப் பக்கத்தில் புள்ளிக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று, போனைச் சத்தம்போட வைப்பது. இன்னொன்று, தொலைந்த போனின் திரையில் ஒரு வாசகம் வரும்படி எழுதி அனுப்புவது. எடுத்தவர் திருப்பிக் கொடுப்பதற்காக வைத்திருக்கிறார்கள். கார் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் முழுக்க அந்தப் பக்கம் என் கணினியில் திறந்தேதான் இருந்தது. உங்க அப்பா வர்றாங்க, மாமாவும் கூட, என்று எழுதலாமா என ஒருமுறை நினைத்தேன். எழுதும் கட்டத்தில் கையையும் வைத்தேன். ஒரு குடும்பத்துக்குள் நாம் ஏன் நுழைய வேண்டும் என்று எடுத்துவிட்டேன்.

அழகர் கூப்பிட்டபோது பன்னிரண்டரை இருக்கும். காதர் பீவி என்ற வாடிக்கைக்காரம்மா புதுப் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்து உட்கார்ந்திருந்தார். நான் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழகரின் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏலே ராயப்பா, மோட்டார் ரூம்ல பாய் விரிச்சுக் கெடக்கு, அடுப்புல சோறு வெந்துக்கிட்டிருக்கு. ஆளைக் காணோம். அந்தப் பயலும் லோடு ஏத்திப் போயிட்டான்போல. கார்ச் சத்தம் கேட்டு எங்கயோ பதுங்கிட்டா.”

புள்ளியைப் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது. “தோப்புக்குள்ளதாண்ணே இருக்கு. ஆனா புள்ளி இருபதடி முன்னப்பின்ன காட்டும்.”

“தோப்பு பூராம் மட்டைக் குமியலு. எதுக்குள்ளன்னு தேட?”

“செத்த இருங்க” என்றேன்.

அவள் போனைச் சைலண்ட்டில் போட்டிருப்பாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் அந்தப் பொத்தானுக்கு சைலண்ட் கிடையாது. போன் எப்படி இருந்தாலும் முழுச் சத்தத்தில் ஐந்து நிமிடம் அடிக்கும். நான் அழுத்தினேன். இரண்டு மூன்று நொடி கழித்து அழகரின் போன் வழியாகவே அந்த மணிச் சத்தம் எனக்குக் கேட்டது. முதல் போனில் நான் வைத்துக் கொடுத்த மணி. போன் மாறியும் அவள் அதை மாற்றவில்லை.

பிறகு நின்றுவிட்டது.

ஐந்து நிமிடத்துக்குள் தானாக நிற்காது, மேடம். யாராவது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும்.

“நின்னுபோச்சுடா. கெழக்குப் பக்கம் கேட்டுச்சு. இன்னொருக்கா அடி” என்றார் அழகர். அவருக்குப் பின்னால் சுருளிவேலின் குரல் கேட்டது. “பிரியா, அப்பா வந்துருக்கேன்த்தா. வெளிய வா தாயி” என்று, பூக்கூடையைத் தூக்கச் சொல்கிற மாதிரி மெதுவாகக் கூப்பிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இரண்டாவது முறை அழுத்தினேன். இந்த முறை சத்தம் நிற்கவில்லை. மட்டைகளை இழுக்கிற சத்தம் வந்தது. “மாமா, வேணாம் மாமா” என்று ஒரு குரல்.

“யாருப்பா அங்க அழுறது?” என்று காதர் பீவி கேட்டார்.

“டவர் சரியில்லம்மா” என்று சொல்லி, அழைப்பைத் துண்டித்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு அவருக்குக் கண்ணாடி ஒட்டினேன். ஒரு குமிழிகூட இல்லை. பார்த்துவிட்டு, “கைராசிக்காரன்” என்றார்.

அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தீர்கள் என்று பேப்பரில்தான் படித்தேன். மற்றதை அழகர் சொல்லியிருப்பார்.

முதல் தடவை அழுத்தியதை விடுங்கள், இரண்டாவது தடவை ஏன் அழுத்தினாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். சரியான கேள்வி. முதல் தடவை அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை எனக்கு எல்லாம் தெரியும். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பயந்திருக்கிறாள், போக விருப்பமில்லை என்பதால்தான் அதை அணைத்தாள் என்று தெரியும். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதும் நம்பர் பிளேட்டைப் பார்த்தபோதே தெரியும். இன்னொன்றும் தெரியும். அந்தப் பாஸ்வேர்டு என் நோட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை, அது அவளுக்கும் தெரியும். சைலண்ட்டில் இருக்கிற போன் கையில் அலறியபோது, மட்டைக்கு அடியில் இருந்த அந்தப் பிள்ளைக்கு அழுத்தியது யார் என்று புரிந்திருக்கும். அப்பாவையும் மாமாவையும் பார்ப்பதற்கு முன்பே அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அவ்வளவும் தெரிந்துதான் அழுத்தினேன். ஆள் கிடைக்காமல் ஒரு தகப்பன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று அந்த நேரத்தில் தோன்றியது. இதில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தமிழ்மதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் அம்மா அழைத்தாலும் எடுக்கவில்லையாம். விடுதியிலும் இல்லை என்கிறார்கள். சின்னப் பிள்ளை, கோபத்தில் எங்காவது போயிருப்பாள். அவளுக்கு நல்லது கெட்டது தெரியாது. அவள் பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம், நோட்டுகூட வேண்டாம். உங்கள் போனை ஒரு நிமிடம் கொடுங்கள், மேடம். எங்கே இருக்கிறாள் என்று மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன்.