பிரேக் ஆயில் குறைந்தது, கண்டேன்

காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சார். அடியில் ஒரு போல்ட், மேலே ஒரு மூடி. கீழே பழையதை இறக்கிவிட்டு மேலே புதியதை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். இட்லிக்கு மாவு கரைக்கத் தெரிந்தவன் இதையும் செய்துவிடலாம். இந்த வேலைக்கு சர்வீஸ் சென்டரில் நம்மை ஏசி அறையில் உட்கார வைத்து, காகிதக் கோப்பையில் வெந்நீர் மாதிரி ஒரு டீயைக் கொடுத்து, நாலு மணி நேரம் கழித்து, வண்டியைக் கழுவி வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

நீங்கள் எல்லைப் பக்கத்துப் பாறசாலைக்காரர், தமிழ் நன்றாகப் படிப்பீர்கள் என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் லிங்கராஜ் சொன்னார். அதனால் தமிழில் எழுதித் தருகிறேன். மலையாளத்தில் முப்பத்தொரு வருஷம் கோப்பு எழுதியவன்தான் நான். ஆனாலும் வீட்டு விஷயம் வீட்டு மொழியில்தான் ஒழுங்காக வருகிறது.

என் பெயர் நீலகண்டன். கரமனை அக்ரஹாரத்தில் வீடு. செக்ரடேரியட்டில் செக்ஷன் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றேன். பொன்முடி மலை ரோட்டில் விழுந்த கார் என் பெயரில் இருக்கிறது. அதை ஓட்டி வந்து இறந்த ராகேஷ் என் மாப்பிள்ளை. என் ஒரே பெண் மீனுவின் கணவன்.

வண்டியைச் சொந்தமாகப் பராமரித்ததில் உரிமையாளர் காட்டிய அலட்சியமே விபத்துக்குக் காரணம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. நீங்களும் எஃப்.ஐ.ஆரில் அதே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் அந்தச் சொல்லில்தான். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.

வாரண்டி கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் திருவனந்தபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சர்வீஸ் அட்வைசர் ஜிஜி அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கம் சொல்கிறது: ஆயில், ஃபில்டர், கூலண்ட், வைப்பர் இவற்றை உரிமையாளரே மாற்றிக்கொள்ளலாம், கம்பெனிப் பொருளாக இருந்து, பில்லும் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதி வைத்திருந்தால் வாரண்டி செல்லும். நாற்பத்திரண்டு: பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், இந்த மூன்றிலும் உரிமையாளர் கையோ வெளியாள் கையோ பட்டால் செல்லாது. நாற்பத்து மூன்று: உரிமையாளரின் அலட்சியத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி செல்லாது. இந்த மூன்று பக்கத்தையும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷ வாரண்டி. மூன்று வருஷமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்கு பானட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதற்கென்று ஒரு கோப்பு, நூல் கட்டி, பக்க எண் போட்டு. தேதி, கிலோமீட்டர், பார்த்த பாகம், நிலை, கடைசியில் இனிஷியல். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மேசைக்கு ஒரு தாள் வந்தால் படித்துவிட்டு ஓரத்தில் 'கண்டேன்' என்று எழுதி இனிஷியல் போட்டால் நம் கடமை முடிந்தது. பாலம் இடிந்து விழுந்தாலும் சரி, கண்டேன் என்று எழுதியவனை ஒருத்தரும் தொட முடியாது. காணாமல் விட்டவன்தான் மாட்டுவான். அந்த வழக்கம்தான் எனக்கு முப்பத்தொரு வருஷம் சோறு போட்டது. காருக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கோப்பு ஒரு கேலிப்பொருள். என் மனைவி மங்கலம், "அதுக்கும் ஒரு பூணூல் போட்டுடுங்கோ, முடிஞ்சுது" என்பாள். கேலி செய்யாதவன் ராகேஷ் ஒருவன்தான். சிநேகிதர்கள் யாராவது வந்தால், "மாமா பாத்துக்கற வண்டியாக்கும். கண்ண மூடிண்டு ஓட்டலாம்" என்று சொல்வான். எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஓணம் கழிந்த முதல் ஞாயிறு, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. சிக்னலில் பெடலை மிதித்துக்கொண்டு நின்றால் அது கால் அடியில் மெல்ல மெல்லத் தாழ்ந்து போனது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போய்விட்டது என்று அர்த்தம். கம்பெனி தயாரிப்பிலேயே வந்த கோளாறு. நான் தொடாத பாகம், என் கோப்பில் சுத்தமாக இருக்கும் பாகம். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மூன்று வருஷம் படித்த பரீட்சைக்குக் கேள்வித்தாள் வந்த மாதிரி.

வண்டியை ஜிஜியிடம் கொண்டு போனேன். அவன் பானட்டைத் திறக்கும் முன்பே என் கோப்பைப் பார்த்துச் சிரித்தான்.

"சாரே, இது நிங்ஙள் தன்னே ஸ்பேனர் பிடிச்ச வண்டியல்லே? ஞங்ஙள் எந்து பறயான்?"

நீங்களே ஸ்பேனர் பிடித்த வண்டிக்கு நாங்கள் என்ன சொல்வது என்கிறான். நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். படிக்காமலேயே தலையாட்டினான். ஒரு ஆளைக் கூப்பிட்டு டப்பாவில் ஆயிலை நிரப்பச் சொல்லி, கம்ப்யூட்டரில் 'குறை இல்லை' என்று ஏற்றி, வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி போனேன். மறுபடி நிரப்பினார்கள், கழுவினார்கள்.

"கம்ப்ளெயின்ட் வரட்டே சாரே, அப்போ நோக்காம்" என்றான் ஜிஜி.

கோளாறு வரட்டும், அப்புறம் பார்க்கலாம். பொறுப்புள்ள ஒரு அதிகாரி, பத்துப் பேர் நடுவில், எனக்குக் கொடுத்த வாய்மொழி உத்தரவு இது. வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டுக் கோப்பில் எழுதினேன்.

இனி நான் என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் மைதீன் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். அரை நாளில் சீலை மாற்றிக் கொடுத்திருப்பார். அப்படிச் செய்தால் பிரேக்கில் வெளியாள் கை பட்டதாகிவிடும். வாரண்டி போய்விடும், ஜிஜி சொன்னதுதான் சரி என்றும் ஆகிவிடும். ஆயிலை நானே நிரப்பிக்கொண்டு ஓட்டினால் கோளாறு மறைந்துகொண்டே இருக்கும், வாரண்டிக் காலமும் முடிந்துவிடும். அப்போது அறுபத்தெட்டு நாள் பாக்கி இருந்தது. ஆக, கோளாறு வர வேண்டும். அதுவும் என் கையில் வரக்கூடாது. சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கிற ஆள் ஓட்டிக் கெடுத்துவிட்டான் என்று அவன் சிரிப்பான்.

அதனால் நான் அந்தக் காரை ஓட்டுவதை நிறுத்தினேன். காய்கறி வாங்க சாலைக் கம்போளத்துக்கு பஸ்ஸில் போனேன். மங்கலத்தைக் கோவிலுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன்.

"வாசல்ல கார் நிக்கறச்சே என்னத்துக்கு ஆட்டோ? அந்த வண்டிக்கு என்னவாக்கும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. பார்க்கிங் கிடைக்காது" என்றேன்.

ஞாயிறுதோறும் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துச் சோதித்ததில், ஏழு வாரத்தில் அளவு கீழ்க்கோட்டுக்கு ஒரு நெல்மணி உயரம் மேலே வந்து நின்றது. கீழ்க்கோட்டைத் தாண்டினால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கோப்பில் எழுதினேன்: குறைந்துள்ளது, கண்டேன். பக்கத்தில் 'நீ' என்று இனிஷியல்.

ராகேஷின் வண்டியை அவன் தம்பி வாங்கிக்கொண்டு போயிருந்தான். சனிக்கிழமை மீனுவைக் கூட்டிக்கொண்டு எங்காவது போகலாமா என்று நினைத்திருந்தவனுக்கு என் காரை நானே கொடுத்தேன். அவன் கோவளம் போகலாம் என்றான். கோவளம் ரோடு சமதளம். ஒன்றும் தெரியாது. "கோவளத்துல என்ன இருக்கு? டவுனுக்குள்ளயே ஓடி எஞ்சின்ல கரி பிடிச்சிருக்கு. ஒரு ஏத்தம் ஏத்தினா நன்னாருக்கும். பொன்முடி போய்ட்டு வா" என்றேன். கரி பிடித்தது பொய். எஞ்சினை நான் அப்படி விடுவேனா?

மீனுவும் புறப்பட்டாள். புடவைகூட மாற்றிவிட்டாள். நான் அவளைக் கூப்பிட்டு, மூன்று வருஷத்து பில்களையெல்லாம் இன்றைக்கே ஸ்கேன் செய்து கொடு, அவசரம் என்றேன். "நாளைக்குப் பண்ணித் தரேனேப்பா" என்று சிணுங்கினாள். நான் குரலை உயர்த்தினேன். ராகேஷ்தான் அவளைச் சமாதானப்படுத்தினான். "மாமா காரணமில்லாம சொல்ல மாட்டார். நீ இருந்து பண்ணிக் குடு, நான் சும்மா போய்ட்டு வந்துடறேன்." பெண்ணை வீட்டில் நிறுத்தி வைத்தேன், சார். நான் கொடியவனாக இருந்தால் அப்படிச் செய்திருப்பேனா?

நான் எதிர்பார்த்தது ஒரு பம்பர் நசுங்கல். போகிற வழியில் விதுரா கடைத்தெருவில் ஏதாவது லாரியின் பின்பக்கம், மெதுவாக, ஒரு இடி. ராகேஷ் குடிக்க மாட்டான், பெல்ட் போடாமல் ஸ்டார்ட் செய்ய மாட்டான், ஒரு அபராத ரசீதுகூட வாங்கியதில்லை. அப்படி ஒரு சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

மத்தியானம் மூன்று நாற்பத்திரண்டுக்குப் போன் வந்தது. மலை உச்சியிலிருந்து பேசினான். பனி இறங்குகிறது, ஆள் அதிகமில்லை, மீனுவுக்கு நாலு போட்டோ அனுப்பியிருக்கிறேன் என்றான். பிறகு சொன்னான்.

"மாமா, ஒரு சிவப்பு லைட் எரியறது. பெடலும் கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்கு."

"கிலோமீட்டரும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன்.

அனுப்பினான். தெளிவான படம். கோப்பில் ஒட்டியிருக்கிறேன், பக்கம் நூற்றுப் பதினெட்டு.

"வண்டிய இங்கயே விட்டுட்டு பஸ்ல வந்துடட்டுமா மாமா? அஞ்சு மணிக்கு ஒண்ணு இருக்காம்."

இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பதற்றத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது, அதனால் சொல்கிறேன். நான் யோசித்தேன். வண்டி அங்கேயே நின்றால் இழுவை வண்டி வரும். ஜிஜியின் ஆட்கள் டப்பாவை நிரப்புவார்கள். விளக்கு அணையும். குறை இல்லை என்று எழுதி, கழுவிக் கொடுப்பார்கள். வாரண்டியில் இருபது நாள்தான் பாக்கி. கீழே வர இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மிதிக்க வேண்டும். பிரேக் சூடாகிவிட்டால் அந்தப் பெடல் எத்தனை மிதி தாங்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆறு, மிஞ்சினால் ஏழு.

"மெதுவா வா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சரி மாமா" என்றான். போனை வைத்தேன். கோப்பை எடுத்து எழுதினேன்: மூன்று நாற்பத்திரண்டு, விளக்கு எரிந்தது, கண்டேன்.

எட்டாவது வளைவு. என் கணக்கில் ஒன்று பிசகிவிட்டது.

அங்கே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் வடிவாம்பாள் உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். "ஹாரன விடாம அமுக்கிக்கிட்டே வந்தாரு சார். ரோட்டுல எங்க பிள்ளைங்க நாலஞ்சு நின்னுச்சு. அதுங்கள ஒதுங்கச் சொல்லி கைய வீசினாரு. அப்புறம் அவரே வண்டிய அந்தப் பக்கமாத் திருப்பிட்டாரு." அந்தப் பக்கத்தில் சுவர் இல்லை என்பது அவள் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாளின் வாக்குமூலம் எனக்கு மிகவும் சாதகமானது. ஓட்டியவர் மேல் பிழை இல்லை, பிரேக் பிடிக்கவில்லை என்பது அதில் தெளிவாக இருக்கிறது. ஹாரன் கடைசிவரை வேலை செய்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அதன் ஒயரை ஆடி மாதம் நான்தான் சுத்தம் செய்தேன்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு மீனு கோப்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"அன்னிக்கு என்ன என்னத்துக்கு ஆத்துலயே இருக்கச் சொன்னேள், அப்பா?"

"பில் ஸ்கேன் பண்றதுக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மங்கலமும் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வருகிறது. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பில்லெல்லாம் அழகாக ஸ்கேன் ஆகியிருக்கிறது. ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. போன வாரம் அவற்றை இணைத்து, புதிய மாஸ்டர் சிலிண்டரும் மற்றச் சேதத்துக்கு ஈடும் கேட்டு கம்பெனிக்கு மனு அனுப்பினேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். உரிமையாளரின் அலட்சியம். போலீஸ் அறிக்கையும் அதையே சொல்கிறதாம்.

அதனால் கோப்பை அசலாகவே உங்களிடம் ஒப்படைக்கிறேன். நூற்று முப்பத்தாறு பக்கங்கள். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் குறைந்ததை ஒவ்வொரு வாரமும் கண்டேன். பெடல் இறங்குவது தெரியும். பொன்முடிக்கு அனுப்பியது நான். பெண்ணை நிறுத்திக்கொண்டதும் நான். மலை உச்சியில் அவன் பஸ்ஸில் வரட்டுமா என்று கேட்டபோது, காரில் வந்தால் அவன் கீழே வந்து சேரமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். பம்பர் என்று மேலே எழுதியது காலைக் கணக்கு. மூன்று நாற்பத்திரண்டுக்கு நான் பம்பரைப் பற்றி நினைக்கவில்லை. இதில் எந்த இடத்தில், சார், நான் அலட்சியமாக இருந்தேன்?

அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் இனிஷியல் போட்டு, எனக்கு ஒரு நகல் கொடுங்கள். ரைட்டர் லிங்கராஜிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சாமி, அந்த வார்த்தைய எடுத்தா பிரிவே மாறிடும். இது கொலைக் கேசு ஆயிடும், கேட்டேளா?" என்றார். நல்ல மனிதர், என் மேல் இருக்கும் அக்கறையில் சொல்கிறார். ஆனால் அவரும் கையேட்டைப் படிக்கவில்லை. நான் மறுபடி ஒருமுறை முழுதும் பார்த்துவிட்டேன். அலட்சியத்துக்குத்தான் வாரண்டி செல்லாது. கொலைக்குச் செல்லாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.